இங்கல்ஸ் வீட்டுக் காகிதங்கள்

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் பேர்போன மரவீடு ஒன்று எங்கே இருந்தது என்பது, அதைப் பற்றி எழுதியவருக்கே தெரியாது. 1935இல் வெளிவந்த ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ நாவலில், தன் அப்பா கட்டிய வீடு கன்சாஸ் மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரத்திலிருந்து 40 மைல் தள்ளி இருந்ததாக லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதினார். அந்தக் கணக்கை நம்பி அவரும் மகள் ரோஸும் ஓக்லஹோமா பக்கம் காரில் போய்த் தேடிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. உண்மையில் வீடு இருந்தது ஊரிலிருந்து சுமார் 13 மைலில், கன்சாஸ் எல்லைக்குள்ளேயே. லாரா 1957இல் தொண்ணூறு வயதில் இறந்தார். இடம் தெரியவந்தது அதற்குப் பிறகுதான்.

காட்டிக்கொடுத்தவை இரண்டு காகிதங்கள். ஒன்று, குடும்ப பைபிளில் பிறப்பு இறப்புகளை எழுதிவைக்கும் பக்கம். மூன்றாவது மகள் கேரி 1870 ஆகஸ்ட் 3 அன்று கன்சாஸின் மாண்ட்கமரி கவுண்டியில் பிறந்ததாக அதில் இருக்கிறது. மற்றொன்று, அதே மாதத்தில் அதே கவுண்டியின் ரட்லண்ட் பகுதியில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. நாவலில் கேரி கைக்குழந்தையாகவே வண்டியில் ஏறி கன்சாஸ் போகிறாள். பைபிளின்படி அவள் கன்சாஸ் மண்ணிலேயே பிறந்தவள். அங்கே இருந்தபோது லாராவுக்கு இரண்டிலிருந்து நான்கு வயதுதான். 40 மைல் என்ற தூரம் எங்கிருந்து வந்திருக்கும் என்று இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

19ஆம் நூற்றாண்டு விவசாயக் குடும்பம் ஒன்றைப் பதிவேடுகள் வழியாக எவ்வளவு தூரம் பின்தொடர முடியும் என்று பார்ப்பதற்காக இந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டேன். புகழ் ஒரு காரணம். தேடியவர்கள் நிறைய, கிடைத்தவையும் நிறைய. இன்னொரு காரணமும் உண்டு. யாரிடமும் கை நீட்டாத உழைப்பாளிக் குடும்பம் என்று நாவல் சொல்கிறது. காகிதங்கள் அவர்களை வேறு சமயங்களில் பிடிக்கின்றன: வாங்கும்போது, விற்கும்போது, கடன் சொல்லும்போது, சத்தியம் செய்யும்போது.

முதலில் கணக்கெடுப்பைப் பற்றி. அமெரிக்கா 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுகிறது. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850 முதல்தான் அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரும் ஏறியது. யார் யாருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880இல்தான் வந்தது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். ஒரே பெயரை நாலைந்து விதமாகத் தட்டிப் பார்க்காமல் யாரும் இந்தக் காட்டுக்குள் போக முடியாது.

ரட்லண்டில் கணக்கெடுத்தவர் ஏசா ஹேர்க்ரோவ். லாராவின் அப்பா சார்லஸ் இங்கல்ஸ், வயது 34, தொழில் தச்சு. மனைவி கரோலைன், வயது 30. பிறகு பிள்ளைகள். நிலத்தின் மதிப்பை எழுத வேண்டிய கட்டத்தில் மட்டும் எதுவும் இல்லை. சார்லஸுக்கு மட்டும் அல்ல, அக்கம்பக்கத்தாருக்கும் இல்லை. நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது, குடியேறியவர்களுக்கு அதில் உரிமை கிடையாது என்று ஹேர்க்ரோவ் குறிப்பே எழுதிவைத்தார். அரசாங்க எழுத்தர் ஒருவர் நேர்மையாக விட்டுவைத்த அந்தக் காலிக் கட்டத்தைத்தான் இந்தத் தேடலில் கிடைத்த மிக முக்கியமான பதிவாக நான் கருதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், இங்கல்ஸ் குடும்பம் ஆக்கிரமிப்பு நிலத்தில் வீடு கட்டியிருந்தது. ஓசேஜ் மக்களை அங்கிருந்து அகற்றி, நிலத்தை ஏக்கர் ஒன்றேகால் டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்க வழிசெய்யும் சட்டம் 1870 ஜூலை 15இல் நிறைவேறியது. செப்டம்பரில் ஓசேஜ் தலைவர்கள் சம்மதித்துக் கையெழுத்திட்டார்கள். விற்ற பணத்தில் இன்றைய ஓக்லஹோமாவில் தங்களுக்கென நிலம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆக, நாவலில் வருவதைப்போல வெள்ளைக் குடியேறிகளை ராணுவம் விரட்ட வரவிருந்த காலம் அது இல்லை. 160 ஏக்கருக்கு 200 டாலர் கட்டியிருந்தால் சார்லஸ் அங்கேயே இருந்திருக்கலாம்.

பின் ஏன் போனார்? பதில் கன்சாஸில் இல்லை, விஸ்கான்சினில் இருக்கிறது.

ஒவ்வொரு கவுண்டியிலும் கிரயப் பத்திரங்களைப் படியெடுத்து வைத்திருக்கும் பதிவேடுகள் உண்டு. விற்றவர் பெயர் வரிசையில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயர் வரிசையில் இன்னொன்று. நம்மூரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப்போலத்தான் வேலை. பெப்பின் பகுதியில் சார்லஸும் மைத்துனர் ஹென்றி குவைனரும் சேர்ந்து 1863இல் 160 ஏக்கர் வாங்கினார்கள், ஆளுக்குப் பாதி. 1868இல் சார்லஸ் தன் பங்கை கஸ்டஃப் கஸ்டஃப்சன் என்பவருக்குத் தவணையில் விற்றார். அதே ஆண்டு மிசௌரி மாநிலத்தின் சாரிட்டன் கவுண்டியில் அடமன்டைன் ஜான்சன் என்பவரிடம் கடனுக்கு நிலம் வாங்கினார். அந்த நிலம் நிலைக்கவில்லை. கஸ்டஃப்சனாலும் தவணையைக் கட்டி முடிக்க இயலவில்லை. நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1871இல் இங்கல்ஸ் குடும்பம் கன்சாஸை விட்டு விஸ்கான்சினுக்கே திரும்பியது. நாவலில் மிசௌரியும் இல்லை, கஸ்டஃப்சனும் இல்லை.

கன்சாஸ் பக்கத்தை மூடுமுன் இன்னொரு பெயர். மலேரியாவில் குடும்பமே படுத்துவிட்டபோது காப்பாற்றிய கறுப்பின மருத்துவர் டான் நாவலில் வருகிறார். கற்பனைப் பாத்திரமோ என்று வாசகர்கள் நினைக்கலாம். 1870 கணக்கெடுப்பில் ஜார்ஜ் டான் இங்கல்ஸ் வீட்டுக்கு அக்கம்பக்கத்திலேயே இருக்கிறார். 1909இல் இறந்த அவருடைய கல்லறை இண்டிபெண்டன்ஸில் உள்ளது.

1874இல் குடும்பம் மினசோட்டாவின் வால்நட் குரோவ் பக்கம் வந்தது. பிளம் கிரீக் ஓடைக்கரையில் 172 ஏக்கர். கோதுமைக்குச் செழித்த மண்தான், ஆனால் வந்த காலம் சரியில்லை. 1873 முதல் 1877 வரை ராக்கி மலை வெட்டுக்கிளிகள் அந்த வட்டாரத்தையே மொட்டையடித்தன. வந்து தின்றது போதாதென்று முட்டையிட்டுவிட்டும் போனதால், அடுத்த ஆண்டு விளைச்சலும் மண்ணுக்குள்ளிருந்தே பறிபோனது. (அந்தப் பூச்சியினம் பிறகு அடியோடு அழிந்தது. உயிரோடு கடைசியாகப் பிடிபட்டது 1902இல். சார்லஸ் இறந்ததும் அதே ஆண்டில்.)

மாநில அரசு நிவாரணம் கொடுத்தது, சும்மா கொடுக்கவில்லை. கையில் ஒன்றுமே இல்லை என்று விவசாயி சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். 1875 நவம்பர் 30 அன்று சார்லஸ் கையெழுத்திட்டார். கிடைத்தது இரண்டு அரைப் பீப்பாய் மாவு, மதிப்பு 5 டாலர் 25 சென்ட். நாவலில் அப்பா கிழக்கே அறுவடைக் கூலிக்கு நடந்தே போய்ச் சம்பாதித்து வருகிறார். இந்தக் கையெழுத்து அதில் கிடையாது. தன் அப்பா மாவுக்குச் சத்தியம் செய்ததை ஒரு மகள் எழுதாமல் விட்டதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த நாவல்களை வைத்துக்கொண்டு, அரசு உதவியின்றி நிமிர்ந்து நின்ற முன்னோடிகள் என்று பிற்காலத்தில் பேசியவர்கள் இந்தத் தாளைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நவம்பர் முதல் தேதி வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. சார்லஸ் ஃப்ரெடரிக், வீட்டில் ஃப்ரெடி. 1876 ஜூலையில் நிலம் விற்கப்பட்டது. அயோவாவுக்குப் போகும் வழியில், சவுத் ட்ராய் என்ற இடத்தில், ஆகஸ்ட் 27 அன்று ஒன்பது மாதக் குழந்தை இறந்தது. ஃப்ரெடியைக் கணக்கெடுப்புகளில் தேடினால் கிடைக்கமாட்டான். 1870க்கும் 1880க்கும் நடுவில் வந்து போய்விட்டான். மினசோட்டா 1875இல் தனியாக எடுத்த மாநிலக் கணக்கும் மே மாதத்தோடு முடிந்தது. அவன் பிறந்தது நவம்பரில். புதைத்த இடத்தில் கல் இல்லை. நாவல்களிலும் அவன் இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் குழந்தைச் சாவு எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்கள், இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் விழுந்த இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசிக்கலாம். வம்சாவளி தேடுபவர்கள் முதலில் வீட்டு பைபிளைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

அயோவாவில், பர் ஓக் என்ற சிற்றூரில், ஹோட்டல் வேலை. கடைசி மகள் கிரேஸ் 1877 மே மாதம் அங்கே பிறந்தாள். பிறகு வாடகை பாக்கியை வைத்துவிட்டு இரவோடு இரவாக வண்டி கட்டினார்கள். எந்த அரசுப் பதிவிலும் இல்லாத செய்தி இது. லாரா தன் கதையை முதலில் ‘பயனியர் கேர்ள்’ என்று பெரியவர்களுக்காக 1930இல் எழுதினார். அப்போது யாரும் அச்சிடவில்லை. 2014இல் குறிப்புகளோடு வெளியான அந்தக் கையெழுத்துப் பிரதிதான் ஆதாரம்.

1879இல் மூத்தவள் மேரியின் பார்வை போயிற்று. செங்காய்ச்சல் என்று நாவல் சொன்னது. உள்ளூர்ப் பத்திரிகைச் செய்திகள், பார்வையற்றோர் பள்ளிப் பதிவேடு, லாராவின் எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்கள், மூளையும் மூளை உறையும் அழற்சி கண்ட நோயாக இருந்திருக்கும் என்று 2013இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஒரு விவசாயி வீட்டுப் பெண்ணின் நோயை 134 ஆண்டு கழித்துக் கண்டறிய உதவியவை ஊர்ப் பத்திரிகையின் துணுக்குச் செய்திகள்.

கடைசி இடம் டகோட்டாவின் டி ஸ்மெட். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை கேட்கலாம். ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் பட்டா. சார்லஸ் 1880 பிப்ரவரி 19 அன்று புரூக்கிங்ஸ் நில அலுவலகத்தில் மனு போட்டார். 1886இல் சாட்சிகளோடு போய் நிரூபித்தார். தேசிய ஆவணக் காப்பகம் இப்படிப்பட்ட கோப்புகளைப் பாதுகாக்கிறது. பிறப்புச் சான்றே இல்லாத காலத்து விவசாயியைப் பற்றி இதைவிட விரிவான தாள் கிடைப்பது அரிது: வீடு எப்போது கட்டினாய், எத்தனை ஏக்கர் உழுதாய், வீட்டில் எத்தனை பேர், எப்போதாவது வெளியே போய் இருந்தாயா என்று அரசு துருவித் துருவிக் கேட்டது.

அதற்கடுத்த கணக்கெடுப்பைப் பார்க்கப் போனால் வழி அடைபட்டுக் கிடக்கிறது. 1890ஆம் ஆண்டின் ஏடுகளில் பெரும்பகுதி 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் நனைந்தும் போனது. மிஞ்சியவற்றில் பெரும்பாலானதையும் பின்னர் அரசே அழித்தது. சார்லஸின் பிறந்தநாள் ஜனவரி 10, மேரியின் பிறந்தநாளும் அதேதான். தற்செயல் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை.

சார்லஸ், கரோலைன் தம்பதிக்கு இன்று நேரடி வாரிசு ஒருவர்கூட இல்லை. நான்கு பெண்களில் பேர்சொல்லும் பிள்ளையைப் பெற்றவர் லாரா மட்டும். அவர் மகள் ரோஸ் 1968இல் பிள்ளையின்றி இறந்தார். எனவே, இங்கல்ஸ் சொந்தம் என்று இன்று சொல்லிக்கொள்பவர்கள் சார்லஸ் அல்லது கரோலைனின் உடன்பிறந்தார் வழியாகத்தான் வரவேண்டும். அங்கே ஒரு சிக்கல். இவ்விரு குடும்பங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவை. ஹென்றி குவைனர் சார்லஸின் சகோதரி பாலியைக் கட்டினார். கரோலைன் சார்லஸைக் கட்டினார். கரோலைனின் தங்கை எலைசா சார்லஸின் அண்ணன் பீட்டரைக் கட்டினார். இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இரு வழியிலும் ஒருவருக்கொருவர் சொந்தம். மரபணுவில் சராசரியாகக் கால் பங்கு ஒத்துப்போகும். ஒரு தாய்க்கோ ஒரு தகப்பனுக்கோ மட்டும் பொதுவாகப் பிறந்த பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகையால் எச்சில் மாதிரியை அனுப்பிச் சோதித்துப் பார்க்கும் இன்றைய வழித்தோன்றல்கள், திரையில் வரும் எண்ணை நம்புவதற்கு முன் விஸ்கான்சினின் திருமணப் பதிவேட்டை ஒருமுறை புரட்ட வேண்டியிருக்கிறது.