திரையும் கிணற்றடியும்

யாம் பயின்ற காலத்துப் பூமிசாத்திரம் ஆறுகளின் பெயர்களை ஒப்புவித்தலேயாம். 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘கார்மென் சாண்டியேகோ’ என்னுங் கணினி விளையாட்டோ, நாடுநாடாய்த் தப்பியோடுங் கள்வரைப் பிடிக்குமாறு மாணவரை ஏவிற்று; துப்பறிதற்கென உலகத் தகவற் புத்தகமொன்றும் உடன் வழங்கப்பட்டது. வினா முந்தியமையால், பிள்ளைகள் விடையைப் புத்தகத்தில் தாமே தேடினர்.

உடுவிலில் எம் பேரனும் இத்தகைய விளையாட்டில் வல்லவன். “நம் கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது?” என்றோம், விழித்தான். கந்தரோடைக்கு அழைத்துச் சென்று, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைக் காட்டினோம். மழைநீர் சுண்ணக்கற்பாறையுட் புகுந்து, உவர்நீரின்மேல் மிதந்து நிற்றலையும் விளக்கினோம்.

“மிகுதியாக இறைத்தால் கிணறு உவராகிவிடுமா, அப்பப்பா?” என்றான்.

துலா மிதித்து வளர்ந்த யாம் ஒருநாளுங் கேளாத வினா அது.