மூச்சும் பேச்சும்: ஹைடல்பெர்க் மலைப்பாதைகளில் மெதுவோட்டம்



ஜெர்மனியின் தென்மேற்கில், நெக்கர் ஆறு ஒடன்வால்ட் மலைகளை விட்டுச் சமவெளிக்குள் இறங்கும் இடத்தில் ஹைடல்பெர்க் நகரம் அமைந்துள்ளது. 1386ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அதன் பல்கலைக்கழகம் ஜெர்மனியிலேயே மிகப் பழமையானது. ஆற்றின் தென்கரையில் பழைய நகரம்; அதற்கு மேலே, 1689, 1693 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகளால் சிதைக்கப்பட்ட செம்மணற்கல் கோட்டை. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் கண்டு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். 2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில், பள்ளி விடுமுறையின்போது, நான் அந்நகரில் எட்டு நாள்கள் தங்கினேன். நான் கண்டவற்றுள் பெரும்பகுதி காலை நேர மெதுவோட்டத்தில் கண்டவையே.

என் தங்கை குடும்பம் ஆற்றின் வடகரையில் வசிக்கிறது. மருமகனுக்கு அப்போது வயது பதினொன்று. அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் பேசினால் அனைத்தும் புரிந்துகொள்வான். மறுமொழி மட்டும் ஜெர்மன் மொழியில் வரும். ஈப்போவில் இருக்கும் என் தாயாருக்கு ஜெர்மனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் “சாப்பிட்டியாய்யா?” என்று கேட்பார். “சாப்பிட்டேன்” என்பான். அத்துடன் பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள உரையாடல் முடிந்துவிடும்.

“அம்மா இருக்கிற வரைக்குமாவது இவன் அவங்களோட நாலு வார்த்தை பேசணும் அண்ணே,” என்றாள் தங்கை. நான் கொண்டு சென்ற முதலாம் ஆண்டுப் பாடநூலை அவன் பணிவோடு வாங்கி மேசைமேல் வைத்தான். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்குச் சர்க்கரை நோய் தொடங்கியதிலிருந்து மருத்துவர் அன்றாட ஓட்டத்தை வலியுறுத்தி வருகிறார். வேகத்தை அளக்க அவர் சொன்ன வழி மிக எளிது: ஓடும்போது பேச முடிய வேண்டும்; பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் உழைப்புப் போதாது. பேச இயலாமல் மூச்சு வாங்கினால் உழைப்பு மிகுதி. பெந்தெகொஸ்தே பண்டிகைக்காக அங்கும் பள்ளி விடுமுறை என்பதால், வழி தெரியாத மாமனுக்கு வழிகாட்டியாக மருமகன் உடன் வந்தான்.

ஆற்றங்கரை

முதல் நாள் ஆற்றங்கரைப் புல்வெளியிலேயே ஓடினோம். சமதளம்; பழக்கமில்லாத கால்களுக்கு ஏற்ற தொடக்கம். காட்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக மேயும். அவற்றின் எச்சத்தை மிதிக்காமல் ஓடுவதே ஒரு தனித்திறன். கிழக்கே பழைய பாலம் தெரியும். 1788இல் கட்டி முடிக்கப்பெற்ற அக்கற்பாலத்தை 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே வெடி வைத்துத் தகர்த்தது. 1947க்குள் மக்கள் அதனை மீண்டும் கட்டினர். அன்று மருமகன் பேசியது மிகக் குறைவு.

யோசிக்கிறவங்க ரோடு

இரண்டாம் நாள் பழைய பாலத்தின் வடமுனையிலிருந்து மேலேறினோம். ‘ஷ்லாங்கன்வெக்’ என்னும் குறுகிய கல்பாவிய பாதை, மதில்களுக்கு இடையே வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறுகிறது. “இந்தப் பேருக்கு என்ன பொருள்?” என்று கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “பாம்பு வழி” என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அப்பாதை முடியுமிடத்தில் புகழ்பெற்ற ‘பிலோசோபென்வெக்’ வருகிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை மலைச்சரிவின் இடுப்பில் ஓடுகிறது. கீழே ஆறு, எதிரே கோட்டை. தெற்கு நோக்கிய சரிவாதலால் வெயில் நிறைய விழும். அத்தி, வாதுமை போன்ற வெப்பநாட்டு மரங்களும் அங்கே வளர்கின்றன. தத்துவ அறிஞர்களின் பாதை என்று நாம் மொழிபெயர்ப்போம். மருமகன் சொன்னது, “யோசிக்கிறவங்க ரோடு”. அகராதி எதனையும் புரட்டாமல், தன் வாயிலிருந்த சொற்களைக் கொண்டே அவன் கட்டிய தொடர் அது. நான் திருத்தவில்லை.

நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரும் இம்மலைகளில் நடந்திருக்கிறார். பிலிப்பீன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால், 1886இல் ஹைடல்பெர்க்கில் கண் மருத்துவப் பயிற்சி பெற்றார். மலைக்கு அப்பாலுள்ள வில்ஹெல்ம்ஸ்ஃபெல்ட் என்னும் சிற்றூரில், ஒரு பாதிரியாரின் வீட்டில் சில காலம் தங்கினார். ஹைடல்பெர்க்கின் பூக்களிடம் தம் தாயகத்திற்கு வாழ்த்துச் சொல்லி அனுப்புவதாக அவர் ஸ்பானிய மொழியில் ஒரு கவிதை எழுதியுள்ளார். இதனை ஓடியபடியே மருமகனுக்குச் சொன்னேன். “பூ எப்படி மாமா பேசும்?” என்றான். வீட்டைச் சேரும் வரை அதைப் பற்றியே பேச்சு.

சாமி மலை

யோசிக்கிறவங்க ரோட்டிலிருந்து காட்டுக்குள் பிரியும் பாதைகள் ‘ஹைலிகன்பெர்க்’ மலையின் உச்சிக்குச் செல்கின்றன. உயரம் ஏறத்தாழ 440 மீட்டர். நம் பெட்ரோனாஸ் கோபுரங்களைவிடச் சற்றே குறைவு. ஆற்றங்கரையிலிருந்து 300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மருமகன் வைத்த பெயர், “சாமி மலை”.

இங்கே ஓட நினைப்போர் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, செங்குத்தான இடங்களில் நடப்பது தோல்வியன்று. அங்குள்ள முதியவர்கள் பலர் ஏற்றத்தில் நடந்து சமதளத்தில் ஓடுகிறார்கள். இரண்டாவது, இறக்கத்தில்தான் முழங்கால் அடி வாங்கும். அடிகளைச் சிறிதாக வைக்க வேண்டும். மூன்றாவது, புல்லிலும் புதரிலும் உண்ணிகள் உள்ளன. அவை நோய் பரப்பக்கூடியவை. வீடு திரும்பியதும் கால், இடுப்பு, கழுத்து ஆகியவற்றைச் சோதித்தல் கட்டாயம். மற்றபடி தடையேதுமில்லை. பொழுதுபோக்கிற்காகக் காட்டுக்குள் செல்லும் உரிமையை 1975ஆம் ஆண்டின் ஜெர்மானிய வனச் சட்டம் அனைவருக்கும் அளித்துள்ளது. நுழைவுக் கட்டணமும் இல்லை, வாயிற்கதவும் இல்லை.

உச்சிக்கு அருகில், மரங்களுக்கு நடுவே திடீரென ஒரு மாபெரும் திறந்தவெளி அரங்கம் தோன்றுகிறது. ஏறத்தாழ 8,000 பேர் அமரலாம். கற்படிகளில் புல் முளைத்திருக்கிறது. ஏதோ தொன்மையான அரங்கம் என்றே எண்ணத் தோன்றும். ஆனால், அது நாஜிகள் தங்கள் பரப்புரைக்காகக் கட்டியது. 1935இல் கோயபல்ஸ் வந்து திறந்து வைத்தான். நான் படிகளில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மருமகன் நின்றபடியே சொன்னான்: “மாமா, இது அழகா இருக்கு. ஆனா கட்டுனவங்க நல்லவங்க இல்ல.” பிறகு தானாகவே தொடர்ந்தான். யூதக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளின் முன், நடைபாதையில், பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைச் சொன்னான். சொல் கிடைக்காத இடத்தில் ஜெர்மன் வந்தது. வாக்கியம் மட்டும் தமிழாகவே நின்றது. அந்த எட்டு நாள்களில் அவன் தமிழில் சொன்ன மிக நீண்ட செய்தி அதுதான்.

இன்னும் சற்று மேலே மைக்கேல் மடாலயத்தின் இடிபாடுகள் உள்ளன. அந்த இடத்தில் அதற்கும் முன்பு ரோமானியர் மெர்க்குரி என்னும் தெய்வத்திற்குக் கோயில் கட்டியிருந்தனர். அவர்களுக்கும் முன்னர் கெல்ட் மக்கள் மலையைச் சுற்றி இரட்டை அரண் எழுப்பியிருந்தனர்.

ராஜா நாற்காலி

தென்கரையில் உள்ள ‘கோனிக்ஸ்டூல்’ இன்னும் உயரம், 567 மீட்டர். கோட்டைக்கு அருகிலிருந்து உச்சிவரை கரடுமுரடான மணற்கற்படிகள் சுமார் 1,200 உள்ளன. பத்துமலையின் 272 படிகளை நினைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். ஜெர்மானியர் இதனை ‘ஹிம்மெல்ஸ்லைட்டர்’ என்பர். மருமகனின் தமிழில் “வானத்து ஏணி”. அங்கு ஓட்டம் என் போன்றோர்க்கு ஆகாது, நடந்தே ஏறினோம். இறங்கும்போது மலை இரயில். பினாங்கு கொடிமலையில் உள்ளது போன்றதுதான். ஆயினும் மேற்பகுதியில் 1907ஆம் ஆண்டின் மரப்பெட்டிகளே இன்றும் ஓடுகின்றன.

அன்று ஞாயிறு. மாலையில் என் தாயார் வழக்கம்போல் அழைத்தார்.

“பாட்டி, நான் சாமி மலைக்கு ஓடுனேன்.”

“முருகன் மலையாய்யா?”

“முருகன் இல்ல பாட்டி. மெர்க்குரி. ரோமன் சாமி. அப்புறம் சர்ச். இப்ப எல்லாம் உடைஞ்சிருச்சு.”

“சாமி இல்லாத மலைக்கு எதுக்குய்யா ஓடுன?”

சிறிது நேரம் மௌனம். பிறகு, “மாமாவுக்குச் சக்கரை பாட்டி,” என்றான்.

என் தாயார் சிரித்த சிரிப்பு அறை முழுவதும் கேட்டது. பேச்சு பாம்பு வழிக்குப் போனது. வானத்து ஏணிக்குப் போனது. தங்கை சமையலறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

திடலுக்குக் கொண்டு வந்தது

நாடு திரும்பிய பின் இதனை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். மேசையின் எதிரெதிரே அமர்ந்தால், பேசுவது தேர்வாகிவிடுகிறது. கேட்பவர் கண்ணில் பிழை தெரிகிறது. பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான். பக்கத்தில் ஓடுபவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இருவரும் பாதையைப் பார்க்கிறார்கள். மூச்சு வாங்கும்போது வாக்கியம் தானாகவே சிறிதாகிறது; சிறிய வாக்கியம் பேசுவதற்கு எவரும் வெட்கப்படுவதில்லை. உடலுக்கு ஏற்ற வேகமும் நாவுக்கு ஏற்ற வேகமும் ஒன்றாகவே இருந்தன.

நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் குறுக்கோட்டப் போட்டி நடத்துகிறோம். முதல் பத்துப் பேருக்குப் பதக்கம் அளிக்கிறோம்; கடைசியில் வரும் பிள்ளைகளை யார் கேட்கிறோம்? இப்போது புறப்பாட நாளில், என் மாணவர்கள் இருவர் இருவராகத் திடலைச் சுற்றி மெதுவாக ஓடுகிறார்கள். ஒரே விதிதான்: பேச்சு நிற்கக் கூடாது. நின்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வகுப்பில் வாய் திறவாத அவர்கள், மூன்றாவது சுற்றில் எதையாவது சொல்லத் தொடங்குகிறார்கள்.

மருமகனின் தமிழ் இன்றும் பிழையுள்ள தமிழ்தான். பாடநூலில் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்று தங்கை சொல்கிறாள். ஆனால், ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது முதல் கேள்வியைக் கேட்பவன் அவன்: “பாட்டி, இன்னிக்கு நடந்தீங்களா?”

பெற்றோர்களே, உங்கள் வீட்டருகில் மலை இல்லாமல் இருக்கலாம். தாமான் சாலையோ, செம்பனைத் தோட்டப் பாதையோ போதும். காலை வெயில் ஏறுமுன் பிள்ளையோடு புறப்படுங்கள். வழியைப் பிள்ளையே காட்டட்டும்.