அன்னைக்கு அனுப்பும் பணம்

அடுகோடியிலும் அதனை அடுத்த நீலசந்திராவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஓசூர்ச் சாலையில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் தருமபுரிப் பக்கம் சேர்ந்துவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் மாதந்தோறும் அவ்வாறு சென்றுவர யாருக்கு இயலும்? ஆகவே, நாம் இங்கிருக்கப் பணம் மட்டும் ஊர் போய்ச் சேரும் வழியைக் கற்றுக்கொண்டோம்.

என் தலைமுறையினர் கற்ற வழி மணியார்டர். நம் நாட்டு அஞ்சல் துறை 1880ஆம் ஆண்டில் தொடங்கிய முறை அது. பிற்காலத்தில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கட்டணம் வாங்கினார்கள். 2,000 ரூபாய் அனுப்ப 100 ரூபாய் தனியே எடுத்துவைக்க வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு அது சிறு தொகையன்று. ஆனாலும், படிவத்தின் அடியில் நான்கு வரி எழுத இடம் இருந்தது. அஞ்சற்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவ்வரிகளையும் படித்துக் காட்டுவார். சில நாள் கழித்து, அன்னையாரின் பெருவிரல் ரேகை பதிந்த ஒப்புகைச் சீட்டு எனக்குத் திரும்பி வரும். அந்த மைக்கறையைக் கண்ட பிறகே மனம் அமைதியுறும்.

இன்று தெருமுனைப் பூக்காரரும் சதுரக் குறியீட்டு அட்டையைத் தொங்கவிட்டுப் பணம் வாங்குகிறார். யு.பி.ஐ. என்னும் இம்முறையை 2016 ஏப்ரல் 11 அன்று, ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு நவம்பரில் பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆனபோது பலரும் இதன் பக்கம் திரும்பினர். நான் மட்டும் நெடுங்காலம் வங்கி வரிசையிலேயே நின்றேன். என் பேத்திக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறன்று என் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு அருகில் அமர்ந்தாள்.

கைபேசி தானே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி என் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டது. பற்று அட்டையின் கடைசி ஆறு எண்களையும் அது காலாவதியாகும் மாதத்தையும் கொடுத்து, இரகசிய எண் ஒன்றை அமைத்தோம். அன்னையாரின் வங்கிக் கணக்கு எண்ணையும் கிளையின் குறியீட்டையும் குறித்து, சோதனையாக ஒரே ஒரு ரூபாய் அனுப்பினேன். ஊரில் அவருடைய பட்டன் கைபேசிக்கு வந்த வங்கிச் செய்தியைப் பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். பிறகு 3,000 ரூபாய் அனுப்பினேன். நொடிப்பொழுதில் சேர்ந்தது, கட்டணம் ஒரு காசும் இல்லை. நம் கணக்கில் கழிந்து அங்கே சேராமற்போனால், மறுநாளுக்குள் திருப்பிவிட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்திருக்கிறது.

ஆனால் பணம் சேர்ந்தது கணக்கில், கையில் அன்று. வங்கியோ ஊரிலிருந்து நான்கு மைல். எண்பது கடந்தவர் எவ்வாறு செல்வார்? உறவுக்காரப் பிள்ளை ஒருவன், “பாட்டி கணக்கை என் கைபேசியில் போட்டுவிடுங்கள் மாமா, இரகசிய எண் என்னிடம் இருக்கட்டும். வேண்டியபோது எடுத்துக் கொடுக்கிறேன்” என்றான். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். அன்னையாரிடம் கேட்டேன்.

“நல்ல பிள்ளைதான். ஆனால் வெற்றிலை வாங்கவும் அவனிடம் கை நீட்ட வேண்டுமே! பணம் எனக்கா, அவனுக்கா?” என்றார்.

நான் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன். இரகசிய எண் யார் கையில் இருக்கிறதோ பணமும் அவர் கையில்தான். நம்மவர் பலர் வீட்டு முதியோரின் எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்துவைத்திருப்பதை அறிவேன், குறை கூறவில்லை. முதியவரை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதே என் ஐயம்.

வழி வேறு இடத்தில் கிடைத்தது. 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கிய இந்திய அஞ்சல் பணவழங்கீட்டு வங்கியின் பணியை அஞ்சற்காரர்களே வீடுதேடி வந்து செய்கிறார்கள். கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும், ஆதாருடன் இணைந்திருந்தால் போதும். கைக்கருவியில் விரலை வைத்தால் வாசலிலேயே பணம் தருகிறார்கள். பழைய அஞ்சற்காரரும் பழைய பெருவிரலும் மீண்டும் வந்துவிட்டதாக அன்னையார் மகிழ்ந்தார். மை மட்டும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் வேண்டியதில்லை, அனுப்புவதற்கே வேண்டும். “உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்துங்கள்” என்று எவரேனும் சொன்னால் உடனே பேச்சை நிறுத்திவிடுங்கள். ஊரிலுள்ள பெரியவர்களுக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

ஒப்புகைச் சீட்டு இப்போது எனக்கு வருவதில்லை. குறிப்பு எழுதச் செயலியில் இடம் உண்டு. ஆனால் அது அன்னையாரின் கைபேசிக்கு எட்டாது. ஆகவே பணம் வாங்கிய நாளன்று மாலையில் தொலைபேசியில் அழைத்து, அந்த நான்கு வரிகளை வாயாலேயே சொல்லிவிடுகிறேன். அவர் தாள்களை எண்ணிச் சொல்வார். களை பறித்துத் தேய்ந்த விரல்களைக் கருவி எளிதில் ஏற்பதில்லை; கழுவித் துடைத்து வேறு விரலை வைக்கவேண்டியிருக்கிறது. சென்ற மாதம் மூன்றாம் விரலுக்குத்தான் அது இணங்கியதாம். “ஐந்து ஐந்நூறு, ஐந்து நூறு. எண்ணி வாங்கிவிட்டேன்” என்றார்.