அணையை எடுக்கச் சொல்கிறவர்கள்

ரமணாசிரமம் பகுதியில் செங்கம் சாலை டீக்கடையொன்றில் வெள்ளைக்காரர் ஒருவர் செல்போனில் படம் காட்டினார். அமெரிக்காவில் கிளமத் ஆற்றின் நான்கு அணைகளை 2024இல் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்த வருஷமே சால்மன் மீன் மேலேறி வந்துவிட்டது. "சாத்தனூரையும் எடுத்துவிட்டால் தென்பெண்ணை பிழைக்கும்" என்றார். நம்மூர் நண்பர்கள் தலையாட்டினார்கள். (திருவண்ணாமலை நகரமே சாத்தனூர்த் தண்ணீர் குடிக்கிறது.)

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. கிளமத் அணைகளை எடுக்கச் சொல்லி வருஷக்கணக்கில் போராடியவர்கள் யூரோக், கருக் பழங்குடிகள். மீன் அவர்களுக்குச் சோறு. 2002இல் அந்த ஆற்றில் பல்லாயிரம் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். இங்கே எடு என்பது யார்?

சாத்தனூர் அணை 1958இல் முடிந்தது. எங்க ஆயா அதற்கு மண் சுமந்தவள். "கல்லு மண்ணு சொமந்தது நாம. வாய்க்கா போனது அவங்க கழனிக்குடா" என்பாள். நமக்குக் கிடைத்தது அந்தக் கழனியில் நடவு, அறுப்புக் கூலி. அணை போனால் முதலில் போவது அந்தக் கூலிதான். ஆற்றைக் கும்பிடுவது நம் அரசியலல்ல. வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது (1942-46) தாமோதர், ஹிராகுட் திட்டங்களுக்கு வழி செய்தவர் அம்பேத்கர்.

அதற்காக அணை நம்மைக் காக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில். எச்சரிக்கை எது வரைக்கும் வந்தது?

இதே ஆற்றில் அணையை உடைத்தும் பார்த்தாயிற்று. தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கம். கரை அரிக்கிறதென்று அதிகாரிகளே மிச்சத்துக்கு வெடி வைத்தார்கள். எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டுக்கும் அந்த மாதமே வெடி. கட்டும்போது மண் சுமக்கக் கூப்பிட்டவர்கள், உடைக்கும்போது அதற்குக்கூடக் கூப்பிடவில்லை.

கேட்பதற்கு ஓர் இடம் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் வைக்கச் சொல்கிறது. அதில் உறுப்பினர் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். கழனியில் இறங்கி நடுகிறவளுக்கும், ஆற்றோரக் காலனியில் தூங்குகிறவனுக்கும் அதில் ஓட்டு கிடையாது.