பனையேறியும் கோயும்

வங்கத்தில் வந்து குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் முதலிற் கற்றுக்கொள்ளும் வங்காளச் சொற்களுள் மீன்களின் பெயர்களும் அடங்கும். ரூய், காத்லா, இலிஷ், கோய் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல நாமும் சொல்லிப் பழகுகிறோம். நாளடைவில் வீட்டிலும் அப்பெயர்களே நிலைத்துவிடுகின்றன. நம் பிள்ளைகளுக்கோ வேறு பெயர்கள் உண்டு என்பதே தெரிவதில்லை. இவற்றுள் கோய் என்னும் மீனைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன். அது நமக்குப் புதிய மீன் அன்று.

கொல்கத்தாவின் சந்தைகளில் இம்மீனை உயிருடனேயே விற்பார்கள். அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் சிறிதளவே தண்ணீர் இருக்கும். அதில் கரும்பச்சை நிறத்துடன், சாண் நீளங்கூட இல்லாத மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துள்ளிக்கொண்டிருக்கும். ஒருநாள் என் மகன் அவ்வாறு விற்ற மீன்களை வாங்கி வந்து, "அப்பாயி, கோய் மீன் பாருங்கள்" என்று என் அன்னையாரிடம் காட்டினான். தஞ்சை மாவட்டத்து வயற்புறத்தில் வளர்ந்தவர் அவர். குனிந்து பார்த்துவிட்டு, "கோயாவது! இது நம்ம ஊர்ப் பனையேறிடா தம்பி. மழை பெய்தால் வரப்பு மேலே ஏறி வருமே!" என்றார். பையனுக்கு ஒரே வியப்பு. "மீன் பனையில் ஏறுமா, அப்பாயி?" என்று கேட்டான். "ஏறும் என்றுதான் எங்கள் ஐயா சொல்லுவார்" என்று அவர் விடை பகர்ந்தார்.

பையனுடைய வினா 200 ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களையும் ஆட்டிவைத்த வினாவாகும். தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த காலத்தில், அங்கே பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் லெப்டினன்ட், 1791ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு காட்சியைக் கண்டார். நீர்நிலையை அடுத்து நின்ற பனை ஒன்றின் பட்டையிடுக்கில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், இம்மீன் மேலும் ஏற முயன்றுகொண்டிருந்ததாம். அவர் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. பனையேறி என்று நம் முன்னோர் இட்ட பெயரும், அதை மெய்ப்பிப்பதுபோல் வந்த இக்குறிப்பும் ஐரோப்பியரின் நூல்களில் இடம்பெற்றன. பின்னர் இம்மீன்களின் பேரினத்துக்கு, ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'அனபாஸ்' என்று பெயரிட்டனர்.

ஆயினும் பனையேறும் வழக்கம் இம்மீனுக்கு உண்டென்பதைப் பிற்காலத்தார் எளிதில் ஒப்பவில்லை. 1927இல் பி. கே. தாஸ் என்னும் விலங்கியல் அறிஞர், நிலத்தில் ஊர்ந்து செல்லும் இம்மீன்களைக் காகமும் பருந்தும் கவ்விச் சென்று மரத்தில் போட்டிருக்கக்கூடும் என்று விளக்கினார். பனையில் ஏறுவது ஐயத்துக்கு உரியதாயிற்று. ஆனால் நிலத்தில் ஊர்வதைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. என் அன்னையார் வரப்பின்மீது கண்டது முழு உண்மை.

அது எங்ஙனம் இயலும் என்பதே இம்மீனின் பெருமை. செவுள்களுக்கு மேலே ஓர் அறையில், மடிப்பு மடிப்பாய் மெல்லிய எலும்புத் தகடுகள் அமைந்துள்ளன. அவற்றின்மேல் குருதிக் குழாய்கள் நிறைந்த தோல் போர்த்தியிருக்கிறது. வாயால் விழுங்கும் காற்றிலிருந்து அத்தோல் உயிர்வளியைப் பெறுகிறது. குளம் வற்றும்போதோ, புதுமழை பெய்யும்போதோ, இம்மீன் வேறு நீர்நிலையை நாடி வெளியே புறப்படும். முட்கள் நிறைந்த செவுள் மூடியை விரித்துத் தரையில் ஊன்றி, துடுப்புகளைத் தாங்கலாகக் கொண்டு, வாலால் உந்தி முன்னேறும். உடலில் ஈரம் இருக்கும்வரை பல மணி நேரம் உயிர் தரித்திருக்கும். எளிதில் சாகாத மனிதரைக் 'கோய் மீனின் உயிர்' என்று வங்காளிகள் சொல்லுவது இதனாலேயே. 1822இல் கங்கை மீன்களைப் பற்றி நூல் வெளியிட்ட ஹாமில்டன், இந்த வங்காளப் பெயரைக் கொண்டே 'கோயஸ்' என்று ஒரு பேரினப் பெயரை வகுத்தார். தமிழ்ப் பெயரும் வங்காளப் பெயரும் ஆகிய இரண்டுமே அறிவியல் ஏடுகளில் ஏறின.

இன்னும் ஒரு செய்தி உண்டு. காற்றை உண்ணும் ஆற்றல் இம்மீனுக்கு வெறும் உபரி வசதி அன்று. நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கவொட்டாமல் தடுத்துவிட்டால், நீர் நிறைந்த தொட்டியிலேயே மூச்சுத் திணறி இறந்துவிடும். செவுள் மட்டும் அதற்குப் போதாது. இரண்டு மூச்சும் வேண்டும்.

இதைப் படித்தறிந்தபோது நம் வீடுகளைத்தான் எண்ணிக்கொண்டேன். பிழைக்க வந்த ஊரின் மொழி நம்மைச் சூழ்ந்த நீர்போன்றது. அதை வெறுப்பதற்கு இல்லை. அதுவே நமக்குச் சோறிட்டது. நம் பிள்ளைகளுக்குக் கல்வியும் தோழமையும் தந்தது. ஆனால் அது ஒன்றே போதும் என்று இருந்துவிட்டால், பாட்டியும் பேரனும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் சொல் ஒருவருக்கு விளங்காத நாள் வந்துவிடும். என் மகன் தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறித்தான் படிக்கிறான். எனினும் 'பனையேறி' என்னும் சொல்லை அவன் மறக்கவில்லை. பொருள் விளங்கியதும் சொல் தானே ஒட்டிக்கொண்டது. பாடப் புத்தகம் செய்யாததை ஒரு மீன் செய்தது.

என் அன்னையாருக்கு இப்போது 84 வயது. அவருக்குத் தெரிந்த மீன்களும் கீரைகளும் பறவைகளும் எத்தனையோ. அவற்றின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அவர் சொல்ல, பையன் எழுதுகிறான். எதிரே வங்காளப் பெயரையும் அவனே சேர்க்கிறான். நம் சங்கத்து அன்பர்கள் இல்லங்களிலும் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இவ்வாறு ஒரு குறிப்பேடு தொடங்குவது நலம். செலவு ஒன்றும் இல்லை. மாலையில் அரைமணி நேரம் போதும்.