தொழிலுக்கு ஒருவர்

ரோட்டரி சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் எங்கள் ஊர் ஐஸ் கம்பெனி முதலாளி. "டைப்ரைட்டிங்குக்கு ஆள் இல்ல சார், கிளாசிஃபிகேஷன் காலியாத்தான் கிடக்கு, வந்துடுங்க" என்றார். ரயிலில் மேல் பெர்த் காலி என்று சொல்கிற தொனி. அப்போதெல்லாம் தொழிலுக்கு ஒருவர் என்பது கணக்கு. ஜவுளிக்கு ஒருவர், உரக்கடைக்கு ஒருவர், பல் டாக்டர் ஒருவர். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் ரோட்டரியைத் தொடங்கியபோது உடன் உட்கார்ந்தவர்களும் அப்படித்தான்: நிலக்கரி வியாபாரி, சுரங்க இன்ஜினீயர், தையற்கடைக்காரர். ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்து வாங்கத்தான் முதலில் கூடினார்கள். சேவை பிறகு வந்தது. அவர்கள் முதலில் கையிலெடுத்த ஊர்க்காரியம், நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்பது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்ததே அதைப் படித்த பிறகுதான்.

ஜூலையில் பதவியேற்பு. மணி அடித்துக் கூட்டம் ஆரம்பிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'ரோட்டேரியன்' என்ற அடைமொழி. சால்வைக்கு மேல் சால்வை. "இதுக்குத்தான் சேந்தியா?" என்று அப்பா கேட்டார். பதில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு சால்வை போட்டிருந்தார்கள், நன்றாகவே இருந்தது.

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பான். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளை இல்லாத வகுப்பு இருந்ததாக நினைவில்லை. நாங்கள் கபடி ஆடும்போது எங்கள் சட்டைக்கும் செருப்புக்கும் அவன்தான் காவல். பின்னாளில் தையற்கடை வைத்தான். எங்கள் சங்கம் மூன்று சக்கர வண்டி கொடுத்தபோது அவன் பெயரைச் சொன்னேன். "மேடையில ஏறி வாங்கணும்னா வேணாம்" என்றான். போட்டோ இல்லாமல் எப்படிக் கணக்குக் காட்டுவது என்று சங்கத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் ஐஸ் கம்பெனிக்காரர் தன் வேனிலேயே வண்டியை ஏற்றிக்கொண்டுபோய் அவன் கடை வாசலில் இறக்கினார். வண்டியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதே வேன்தான் 1995 கடைசியில் சொட்டு மருந்துக்கும் ஓடியது. போலியோவை உலகத்திலிருந்தே துரத்துவது என்று ரோட்டரி 1985-இலேயே இறங்கியிருந்தது. எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தது அப்போதுதான். முதல் வருஷம் மூன்று வயது வரை, அடுத்த வருஷத்திலிருந்து ஐந்து வரை. மருந்தைச் சூடுபடாமல் வைத்திருக்க வேண்டும். சுகாதார நிலையத்து ஃப்ரீசர் போதவில்லை. ஐஸ் கம்பெனியில் ராத்திரி முழுக்க ஐஸ் பேக் உறைந்தது. பந்தல்காரர் பெஞ்சும் நாற்காலியும் இறக்கினார். தியேட்டர்காரர் இடைவேளையில் ஸ்லைடு போட்டார். மைக்செட்காரர் ஆட்டோவில் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். என் பங்கு, யார் எந்த பூத்தில் என்கிற டூட்டி லிஸ்ட். ஸ்டென்சில் வெட்டி உருட்டினேன். தொழிலுக்கு ஒருவர் என்ற கணக்கின் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. பத்து ஜவுளிக்கடைக்காரர்கள் சேர்ந்திருந்தால் பத்து செக் கிடைத்திருக்கும், ஐஸ் கிடைத்திருக்காது.

மனைவிமார்களை 'ஆன்ஸ்' என்பார்கள். சங்கத்தில் பெண்களே உறுப்பினராகலாம் என்று விதி மாறியது 1989-இல். எங்கள் ஊருக்கு அது நடந்து வர இன்னும் பல வருஷம் ஆனது. ஆனால் கைக்குழந்தையோடு வாசலில் நின்று யோசித்த தாய்மாரைப் பேசிப் பேசி பூத்துக்கு அழைத்து வந்தவர்கள் அந்த ஆன்ஸ்தான். லிஸ்ட்டில் அவர்கள் பெயரை நான் அடித்த ஞாபகம் இல்லை. யாரும் கொடுக்கவும் இல்லை.

நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு குழந்தை. 2014 மார்ச் 27-இல் போலியோ ஒழிந்தது என்ற சான்றிதழ் வந்தது. அதற்கு வெகுநாள் முன்பே கம்ப்யூட்டர் வந்து என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடியாயிற்று. இப்போது எங்கள் தலைவர் ஒரு பெண் பல் டாக்டர். ஐஸ் பேக்கெல்லாம் சுகாதார நிலையத்து ஃப்ரீசரிலேயே உறைந்துவிடுகிறது. வேலையில்லாத ஐஸ் கம்பெனிக்காரருக்கு பஸ் ஸ்டாண்டு பூத்.

போன முகாமில் ஓர் இளைஞர், தோளில் குழந்தையோடு, "அதான் போலியோ ஒழிஞ்சிடுச்சே சார், இன்னும் எதுக்கு?" என்றார்.

"பாகிஸ்தான்ல இருக்கு, ஆப்கானிஸ்தான்ல இருக்கு. பஸ் எப்ப தம்பி?"

"அஞ்சு நிமிஷம்."

"இது அரை நிமிஷம். கன்னத்தைப் புடிங்க."