பனங்காய்க் காலம்

வலிகாமத்தில் சோளகம் மூசி அடிக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை கிடையாது. கோடிப்புறத்துப் பனங்கூடலில் 'தொம்' என்று சத்தம் கேட்டால் போதும், படுத்தபடியே அம்மா இடம் சொல்லிவிடுவா. "அது கிணத்தடிப் பனை. இப்ப விழுந்தது வேலிக்கரை." எனக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். விடியப்புறம் கடகத்தையும் அரிக்கன்லாம்பையும் கையில் தந்து எழுப்பிவிடுவா. பிந்தினால் மாடு சூப்பிவிடும். அல்லது பக்கத்து வளவு ஆச்சி முந்திவிடுவா.

ஆச்சியின் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில், வேலியோடு வேலியாக ஒரு பனை நின்றது. காய் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தாருக்கு என்பது பாட்டன் காலத்து ஏற்பாடு. ஆனால் பனங்காய் உருளுமே! "எங்கட பக்கம் விழுந்துதான் பிள்ளை உங்கட பக்கம் உருண்டது" என்று ஆச்சி தொடங்குவா. "உருண்டு வந்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்பா அம்மா. பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணம் பனங்காய்ப் பணியாரம் வரும். கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை என்று அம்மா இரண்டு முருங்கைக்காயையாவது அதன்மேல் வைத்து அனுப்புவா. அடுத்த நாள் விடிய வழக்கு திரும்பவும் தொடங்கும்.

ஆடிப்பிறப்பன்று மட்டும் வழக்கு இல்லை. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் வறுத்த பயறும் போட்டுக் காய்ச்சிய கூழ் அன்று வீடு வீடாக மாறும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்தக் கூழைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகப் பாடி வைத்ததால், அதைக் குடித்தே அறியாத பிள்ளைகளுக்கும் இன்று அதன் பெயர் தெரிகிறது. எனக்கென்னவோ அதில் மிதக்கும் தேங்காய்ச் சொட்டில்தான் கண்.

பினாட்டுப் போடுவது பெரிய வேலை. பழத்தின் கறுத்த தோலை உரித்து, பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அம்மா முழங்கைவரை மஞ்சளாகும்வரை பிசைவா. தும்புக்குள் இருந்து களி விடுபட நேரம் எடுக்கும். வடித்த களியை ஓலைப்பாயில் ஊற்றி உள்ளங்கையால் மெழுகுவதுபோலப் பரவவேண்டும். ஒரு படை காய்ந்தபிறகு அதன்மேல் மறு படை. காகத்துக்குக் காவல் நான். காகம் வராத நேரத்தில் ஓரத்தைப் பிய்த்துத் தின்றதும் நான்தான். முதலில் இனிப்பு, பிறகு தொண்டையில் ஒரு காறல். அந்தக் காறல் பிடிக்காதவர்களுக்குப் பினாட்டுப் பிடிக்காது, அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில், சவர்க்காரம் பொன் விலை விற்றது. பனங்களியில் உடுப்புத் தோய்க்கும் பழைய வழக்கம் அப்போது ஊருக்குள் திரும்பி வந்தது. அழுக்குப் போனது உண்மை. வாசம்தான் போகவில்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒழுங்கை மாடுகள் எங்கள் வெள்ளைச் சட்டையை மோந்து மோந்து பின்னால் வரும். எங்கள் வாத்தியார் ஒருவரின் வேட்டித் தலைப்பை மாடு சப்பியே விட்டது. அவர் அன்று எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கவில்லை.

சூப்பிய கொட்டையும் பிழிந்த கொட்டையும் வளவு மூலையில் குவியும். புரட்டாதிக் கடைசியில் பாத்தி. மண்ணை முழங்கால் உயரத்துக்கு ஏற்றி, கொட்டைகளை மேலே நெருக்கி அடுக்கி, மெல்லிதாக மண் போட்டு மூடிவிட்டால் மிச்சத்தை மாரி பார்த்துக்கொள்ளும். தையில் கிண்டலாம். பாத்தி கிண்டும் நாளில் ஆச்சியும் கத்தியோடு வந்து குந்திவிடுவா. கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பூரான், அது எங்களுக்கு. அவித்த கிழங்கு அன்றைக்கு. பச்சையாகக் கிழித்துக் காயவைத்த ஒடியல் வருடத்துக்கு. அந்த ஒடியல் மாவில்தான் மீனும் நண்டும் பயத்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கூழ் காய்ச்சுவார்கள். பலாவிலையைக் கோலிக் குடிக்கும்போது மூக்கால் ஓடும்.

1995இலும் பாத்தி போட்டோம். சண்டை கிட்ட வந்துகொண்டிருந்தது, ஆனாலும் கொட்டையை வீணாக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஒக்டோபர் 30ஆம் திகதி, கொட்டும் மழைக்குள், வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. செம்மணி வெளியால் சனத்தோடு சனமாக நகர்ந்தபோது ஆச்சி அம்மாவிடம் கேட்டா: "மழை நல்லாப் பெய்யுது, கிழங்கு நல்லா இறங்கும் என்ன?" அம்மா "ஓம் ஆச்சி" என்றா. இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

தையும் மாசியும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் போயின. 1996 சித்திரை கழியத்தான் திரும்பினோம். வீட்டுக்கு ஓடு இல்லை. பாத்தியில் கிழங்குக்கு வேளை கடந்துவிட்டது. முற்றி நாராகி, ஒவ்வொன்றும் ஓலை நீட்டி நின்றது. அம்மா ஒன்றைக் கிண்டிக் கத்தியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இனி இது மரந்தான்" என்று விட்டுவிட்டா. ஆச்சி வீட்டார் எங்களோடு திரும்பவில்லை. கிளாலியால் வன்னிக்குப் போய்விட்டார்கள்.

இப்போது நான் வெளிநாட்டில். வருடத்தில் ஒருமுறை, தையில், இங்கே தமிழ்க் கடையில் பொதி செய்த ஒடியல் மா வாங்குகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மா. கூழும் கூழாகத்தான் வருகிறது. நண்டைத்தான் உறைந்த பெட்டியிலிருந்து எடுக்கவேண்டியிருக்கிறது.

அன்று அம்மா விட்டுவிட்ட பாத்தியில் முளைத்தவை நெருக்கத்தில் பாதி பட்டுப்போக, மிச்சம் வடலியாகிப் பனையாகிவிட்டன. பாளை தள்ளும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாத மரம் அது. கனக்கப் பெண் என்று ஊரில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. பொறுக்க ஆள் இல்லை, சூப்ப மாடும் இல்லை, விழுந்தது விழுந்த இடத்திலேயே முளைக்கிறது, மாரிக்கு முன் வளவு துப்புரவாக்கக் கூலிக்கு ஆள் பிடிக்கவேண்டும், காசு அனுப்பு என்றார்.

அனுப்பினேன். அள்ளுகிற கொட்டையில் ஒரு பாத்திக்கு மட்டும் எடுத்துவைக்கச் சொன்னேன்.

"வைக்கலாம்" என்றார் அண்ணா. "தையில ஆர் வந்து கிண்டுறது?"